பின்சக்கரத்துக்கு ஆயில் பிரேக்

வேலூர் லாங் பஜாரில் வாழைக்காய்த் தள்ளுவண்டியில் மோதி நின்றது கார். கோவிந்தசாமி பிரேக்கை மிதித்ததற்கும் அது நின்றதற்கும் சம்பந்தமே இல்லை. தள்ளுவண்டி இருந்ததால் நின்றது, அவ்வளவுதான்.

தள்ளுவண்டிக்காரர் கோவிந்தசாமியின் குடும்பத்தை மூன்று தலைமுறை வரைக்கும் வாயார விசாரித்துவிட்டு ஓய்ந்தார். பின்சீட்டிலிருந்த முதலாளி சுந்தரமூர்த்தி சலித்துக்கொண்டார். ஆம்பூரில் ஆவாரம்பட்டை மண்டி வைத்து, தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பட்டை சப்ளை செய்பவர் அவர்.

"இது நிக்கிற வண்டியே இல்லடா. ஒரு நாளைக்கு வித்துத் தொலைக்கப் போறேன்."

கோவிந்தசாமிக்கு எட்டு மாதம் சும்மா அலைந்து, போன மாதம்தான் இந்த வேலை கிடைத்திருந்தது. வண்டி போனால் வேலையும் போகும். மறுபடி மாமனார் வீட்டில் போய் உட்கார வேண்டும். வேலையில்லாத மாப்பிள்ளைக்கு அங்கே மாதத்துக்கு மாதம் காபி டம்ளர் சின்னதாகிக்கொண்டே வரும்.

யுத்தத்துக்கு முந்தைய சீமைக் கார் அது. இரும்புக் கம்பி இழுத்துப் பிடிக்கிற பிரேக். அன்று சாயங்காலமே கோவிந்தசாமி பேச்சை எடுத்தான்.

"மொதலாளி, வாணியம்பாடி ஜியாவுதீன் பாய் மிலிட்டரி ஏலத்துல எடுத்த ஜீப் ஒண்ணு வச்சிருக்காரு. அதுல இருக்கிற ஆயில் பிரேக்கை நம்ம பின்சக்கரத்துக்கு மாத்திட்டா, சொன்ன எடத்துல நிக்கும்."

"அதெல்லாம் எதுக்குடா? செலவு ஜாஸ்தி ஆவும்."

உள்ளேயிருந்து முதலாளியம்மா கமலம் வந்தாள். "உயிரைவிடவா ஜாஸ்தி? நீ போய் மாத்திக்கினு வாப்பா."

முதலாளி பணத்தை எடுத்துக் கொடுத்தார். மண்டியில்தான் அவர் முதலாளி.

ஜியாவுதீன் பாய் மூன்று நாள் காருக்கு அடியிலேயே குடியிருந்தார். நாலாம் நாள் கோவிந்தசாமி பெருமையாகப் பிரேக்கை மிதித்தான். ஆணி அடித்தாற்போல் நின்றது கார். முதலாளி மட்டும் நிற்கவில்லை. முன்சீட்டில் வந்து மூக்கை இடித்துக்கொண்டார். கையிலிருந்த பொடி டப்பா திறந்து, இருவரும் ஆம்பூர் வரைக்கும் தும்மிக்கொண்டே வந்தார்கள்.

"பாத்தியா? பழைய கம்பியே மாட்டிடு" என்றார் முதலாளி, மூக்கைத் தடவியபடி. அவருக்குக் கோபமே வரவில்லை. திட்டியிருந்தால் கோவிந்தசாமிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பாய் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தினார். இப்போது இடது சக்கரம் பிடித்தது, வலது சக்கரம் பிடிக்கவில்லை. வேலூர் பார்த்துப் போன கார் நடுரோட்டில் அரைவட்டம் அடித்து ஆம்பூரைப் பார்த்து நின்றது.

"வண்டிக்கே வேலூர் போவ இஷ்டமில்ல. உட்டுடு" என்றார் முதலாளி உற்சாகமாக.

பாய் பிரித்துப் பார்த்தார். வலது சக்கரத்தில் உள்ளே இருந்த ரப்பர் வாஷர் கிழிந்து, ஆயில் ஒழுகிக்கொண்டிருந்தது.

"ரப்பருக்கு மெட்ராஸ்தான் போவணும்" என்றான் கோவிந்தசாமி.

"அட இன்னாப்பா! ரப்பர் இல்லேன்னா தோலு. இந்த ஊர்ல தோலுக்கா பஞ்சம்?"

நல்ல எருமைத்தோலாகப் பார்த்து வட்டமாக வெட்டி, விளக்கெண்ணெயில் ஊறவைத்து மாட்டினார் பாய். ஒழுகல் நின்றது. ஆனால் சக்கரம் சூடேற ஏற, தோல் கருகி வறுவல் வாசனை கிளம்பியது. வாணியம்பாடியிலிருந்து ஆம்பூர் வரை ஒரு தெரு நாய் பாக்கியில்லாமல் காருக்குப் பின்னால் ஊர்வலம் வந்தது. மண்டி வாசலில் முதலாளி இறங்க வழியில்லை. அப்படியும் மனிதர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

சிரித்துக்கொண்டே விற்றுவிடுவார் என்று பயந்துபோனான் கோவிந்தசாமி. தன் ஒரே லீவு நாளில் மெட்ராஸுக்கு ரயிலேறி, கடை கடையாக அலைந்து அசல் ரப்பர் வாஷர் வாங்கி வந்து, பாயின் பக்கத்திலேயே உட்கார்ந்து மாட்ட வைத்தான். பிரேக் வெண்ணெயாகப் பிடித்தது. அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

வழக்கம்போல வியாழக்கிழமை வேலூருக்குக் கிளம்பும்போது கமலமும் ஏறிக்கொண்டாள். மாதனூர் வந்ததும், "அந்த வேப்பமரத்து வீட்டாண்ட நிறுத்துப்பா" என்றாள்.

"நிக்காது கமலம், பிரேக்கு—" என்று முதலாளி ஆரம்பிப்பதற்குள், வாசற்படிக்கு நேராகப் பூப்போல நின்றது கார்.

"நின்னுடுச்சே!" என்றாள் கமலம்.

முதலாளியின் முகம் பேயறைந்தாற்போல் ஆனது. வீட்டுக்குள்ளிருந்து கமலத்தின் தம்பி ராஜகோபால், கையில் ஒரு கட்டு நோட்டுப் புத்தகங்களோடு ஓடிவந்தார்.

"மாமா! வாராவாரம் கையை ஆட்டிட்டுப் போய்டுவீங்க. பிரேக் சரியாய்ட்டுதா? வாங்க வாங்க, என் நாடகம் அஞ்சு அங்கமும் தயாரா இருக்குது. பாட்டோட படிச்சுக் காட்டுறேன்."

மைத்துனர் ஒரு கையையும் மனைவி ஒரு கையையும் பிடித்துக்கொள்ள, முதலாளி உள்ளே போனார். போகும்போது கோவிந்தசாமியைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அதில் நன்றி தெரியவில்லை.

உள்ளே ஆர்மோனியம் அலற ஆரம்பித்தது. கோவிந்தசாமி கார் பின்சக்கரத்தைத் துடைத்தபடி, அந்த வீட்டுக் காவல்காரர் சாமிநாதனிடம் பெருமையாகச் சொன்னான்.

"எல்லாம் நம்ம ஏற்பாடு, அண்ணே. இனிமே மொதலாளி இந்த வண்டியை விக்கவே மாட்டாரு."

சாமிநாதன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"போன வருசம் புத்தம்புது காரு வச்சிருந்தாரு, தம்பி. அது சொன்ன எடத்துல நிக்குதுன்னுதான் வித்துட்டு, இதை வாங்கினாரு."