இலவசக் காற்றுப் பந்தல்

காற்றுக்கு வரி போடாத ஒரே நாடு நாங்கள்தான் என்று மார்தட்டிக்கொண்டிருந்த நாடு வளிநாடு. அங்கே பேச்சு காற்றிலேயே கடல் தாண்டிப் போகும். வீட்டுக்கொரு பேச்சுக்குழல், குழலுக்கொரு பூட்டுச்சொல். அந்தச் சொல்லைச் சொன்னவர் பேச்சுதான் உள்ளே வரும்.

தையல்நாயகியின் பூட்டுச்சொல் ஒரு கேள்வி: "முருங்கை பூத்துச்சா, தையலு?" உப்புத்தீவிலிருந்து கணவன் அம்பலவாணன் அதைக் கேட்டால்தான் குழல் திறக்கும். அவன் போன காரணம் தெருவுக்கே தெரியும். போன தேர்தலில் ஊரே மன்னருக்குக் கை தூக்கியது. அவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மறுநாளிலிருந்து அவனுக்கு வேலை கொடுக்க ஊரில் ஆளில்லை. மூன்று ஆண்டுகளாக அவள் பாதிப் பாயை விட்டுவிட்டுத்தான் படுக்கிறாள் என்பது எதிர்வீட்டு அஞ்சலை தந்த தகவல். அது அஞ்சலைக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

இப்படியிருக்க, மன்னர் தெருவுக்குத் தெரு இலவசக் காற்றுப் பந்தல் திறந்தார். பெஞ்சு, நீர்மோர், மன்னர் படம். சும்மா கிடைப்பதை யார் விடுவார்கள்? வீட்டுக் குழல்கள் பரண் ஏறின.

பந்தலில் கூட்டம் நெரிந்ததும் காற்றமைச்சர் பூட்டுச்சொற்களை நீக்கி ஆணையிட்டார். "பூட்டு என்பது அரசின்மீதுள்ள அவநம்பிக்கையின் இரும்பு வடிவம். ஒளிக்க ஒன்றுமில்லாத குடிமகனுக்குக் கதவே அதிகம்" என்றார். அவர் வீட்டுக் குழலுக்கு மட்டும் மூன்று பூட்டு என்று கேள்வி.

அதன்பின் தையல்நாயகி பந்தலில் கணவனோடு பேசியதெல்லாம் பெஞ்சு முழுக்கக் கேட்டது. அம்பலவாணன் முதுகு மச்சம்கூட ஊர்ச்சொத்தாயிற்று. மீன் விற்கிறவள்கூட முருங்கை பூத்ததா என்று விசாரித்தாள்.

பிறகு பந்தல்களுக்கு அருகிலேயே இரட்டைப் பந்தல்கள் முளைத்தன. அதே பலகை, அதே படம். மோரில் மட்டும் இஞ்சி கூடுதல். அங்கே பேசியவர்களின் குரல், அவர்களுக்குத் தெரியாமலே வேறிடங்களில் பேசத் தொடங்கியது. எது அசல் என்று அடையாளம் வைக்கும்படி மக்கள் மனுக் கொடுத்தார்கள். "இரண்டிலும் மன்னர் முகம் இருக்கிறது. ஒன்றைப் போலி என்பவர் மன்னர் முகத்தையே போலி என்கிறார்" என்று விளக்கிய அமைச்சர், அப்படிச் சொல்வோருக்கு ஆறு மாதச் சிறை விதித்தார்.

அந்தச் சமயத்தில்தான் அம்பலவாணன் குரலில் தேன் சேர்ந்தது. முன்பெல்லாம் நாலு வார்த்தை, ஒரு இருமல், அவ்வளவுதான். இப்போது தினமும், "சீக்கிரம் வந்துடுறேன் கண்ணு."

"உங்க வீட்டுக்காரர் கண்ணுன்னு கூப்பிடுற ஆளா அக்கா?" என்றாள் அஞ்சலை.

"தூரம் போனா ஆம்பளைக்கு மனசு இளகும்டி."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் உறுத்தியது. அவனுக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாமென்று யோசித்தாள். யோசிக்க யோசிக்க, பெஞ்சில் உட்கார்ந்து சொல்லாதது என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

தேர்தல் வந்தது. இனிக் கை தூக்கிச் சிரமப்பட வேண்டாம், பந்தலில் குரல் கொடுத்தால் போதும் என்றார்கள். கணவன் சார்பாகவும் சேர்த்து 'இல்லை' என்று சொல்லிவிடும் தீர்மானத்தோடு தையல்நாயகி வரிசையில் நின்றாள். பந்தல் அலுவலர் ஏட்டைப் புரட்டினார்.

"நீங்க போட்டாச்சேம்மா. மன்னருக்கு. கணீர்னு சொல்லியிருக்கீங்க."

"எங்க வீட்டுக்காரரு?"

"அவரும் மன்னருக்குத்தான். இந்தத் தெருவுல முதல் வாக்கே அவரோடது."

அந்த மனிதன் உயிர் போனாலும் கட்டிய கையை அவிழ்க்கமாட்டான். அப்படியென்றால் இத்தனை நாள் கண்ணு என்றது யார்? அவள் வீட்டுக்குப் போய்ப் பரணிலிருந்து குழலை இறக்கினாள். எலி கடித்த ஓட்டை வழியாக வெளிச்சம் தெரிந்தது. அவன் அதில் எத்தனை முறை முருங்கையை விசாரித்தானோ.

சாயங்காலம் பந்தலில் மன்னரின் வெற்றியுரை ஒலித்தது. போன முறை தந்த வாக்குறுதிகளை ஒன்று விடாமல் திரும்பத் தந்தார். எல்லாம் தெரிந்த சனமும் கைதட்டியது. உரை முடிந்த கையோடு அந்தக் குரல் வந்தது.

"முருங்கை பூத்துச்சா, தையலு? அடுத்த தேர்தலுக்குள்ள வந்துடுவேன் கண்ணு."

பெஞ்சில் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, "நெசமாவா?" என்று கேட்டாள் தையல்நாயகி.