ஆயிரத்துக்குப் பதின்மூன்று மணி குறைவு

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மூத்த மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் மகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மற்றதெல்லாம் குறைதான்.

"மாப்பிள்ளை அங்க என்னதான் வேலை பாக்குறாரு?" என்று மகளிடம் கேட்டீர்களாம். கார்பன் நானோகுழாய்களுக்குக் காவல் இருக்கிறேன், மாமா. வீட்டுக் குழாயை நினைத்துவிடாதீர்கள். இவை தலைமுடிப் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. காற்றை உறிஞ்சியெடுத்த எஃகுப் பெட்டிக்குள் வைத்து மின்னழுத்தம் கொடுத்தால் நுனியிலிருந்து எலக்ட்ரான்களைக் கக்கும். கையடக்க எக்ஸ்ரே கருவிக்கு அதுதான் உயிர். ஆனால் அற்பாயுசு. ஆயிரம் மணி நேரம் சீராக ஓடவைத்தால் என் வேலை நிரந்தரம் என்றார் எங்கள் ஆய்வகத் தலைவர்.

முதல் தடவை நாற்பதே மணியில் பொறி பறந்து, குழாய்கள் அடித்தட்டைவிட்டுப் பிய்ந்துகொண்டன. உலோகத்தை உருக்கி இறுகப் பற்றவைத்தேன். அடுத்த தடவை பெட்டிக்குள் மிச்சமிருந்த வாயு நுனிகளை அரித்துத் தின்றது. நான் பழியைத் தூக்கி, குழாய்களை வளர்த்துத் தரும் மேடம் தலையில் போட்டேன். "வளர்ப்பு சரியில்ல சார்" என்று தலைவரிடம் சொல்லியும்விட்டேன். மேடம் பெட்டியைத் திறந்து, டார்ச் அடித்து உள்சுவரைக் காட்டினார். "இது யாரோட கட்டைவிரல் சார்?" கையுறை போடாமல் நான் பதித்த ரேகை! அந்தப் பிசுக்கிலிருந்துதான் வாயு கசிந்திருக்கிறது. "இப்ப சொல்லுங்க, யார் வளர்ப்பு சரியில்ல?" என்றார். என் அம்மா பக்கத்தில் இல்லாதது மேடம் செய்த புண்ணியம்.

மன்னிப்புக் கேட்டேன். இருவருமாகப் பெட்டியை இரண்டு நாள் சூட்டில் வாட்டி, மின்னோட்டத்தைச் சிறுகச் சிறுக ஏற்றிப் பழக்கினோம். ஓடியது மாமா, ஓடியது! ஐந்நூறு, தொள்ளாயிரம். உங்கள் மகளே சோறு போடுமுன் "இன்னிக்கு எத்தனை?" என்று கேட்க ஆரம்பித்தாள். நேற்று மதியம், தொள்ளாயிரத்து எண்பத்தேழாவது மணியில், மீட்டர் முள் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தது. மேடம் அழுதார். எனக்கு அழவும் தெம்பில்லை. அங்கேயே உட்கார்ந்து ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அத்தைக்கு என் வணக்கம். நீங்கள் இருவரும் நூறாண்டு நிலைத்திருக்க வேண்டும். நம் குடும்பத்தில் அதுவாவது நிலைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்

பி.கு.: உறையை ஒட்டும்போது மேடம் போன் செய்தார். "சார், குழாய்க்கு ஒண்ணும் ஆகல! மீட்டர் ஒயர்தான் கழண்டு கெடந்துச்சு. கம்ப்யூட்டர் பதிவுல கோடு நூல் புடிச்ச மாதிரி போகுது. இப்ப ஆயிரத்துப் பத்து!" தலைவரிடம் ஓடினேன். கையைப் பிடித்துக் குலுக்கினார். "காலையிலதான் உங்க ராஜினாமாவுல கையெழுத்து போட்டு மேல அனுப்பினேன். குழாய் நெலச்சிருச்சு சார், பாத்துக்கத்தான் ஆள் இல்ல. யாராவது தெரிஞ்சா சொல்லுங்க."