நாணலுக்குள் ஒரு க்ரீக்

ஆற்றோரம் வாழும் கொக்கு, நாரை, நீர்நாய், ஆமை எல்லாவற்றுக்கும் புத்தகம் உண்டு. அவற்றைப் பார்க்க வந்து புதருக்குள் குந்தியிருக்கும் ஒரு ஜீவன் மட்டும் எப்படியோ விட்டுப்போய்விட்டது. ஆற்றங்கரை நிபுணர் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம்.

அடையாளம் காண்பது சுலபம். மண் நிறத் தொப்பி, கழுத்தில் பைனாகுலர், பதினோரு பை வைத்த சட்டை. எந்தப் பையிலும் வீட்டுச் சாவி இருக்காது. "அதோ கொக்கு" என்று சொல்லிப் பாருங்கள். "கொக்கு மாதிரி இருக்கும். ஆனா அது இல்ல" என்பார். கோரைப்புல்லைக் காட்டினால், அது கோரைக்குத் தம்பி முறை என்பார். அப்படியானால் அது என்னதான்? அதை மட்டும் சொல்லமாட்டார்.

எனக்குத் தெரிந்த நிபுணர் ஒரு பல் டாக்டர். போன வருடம் நீர்ப்பிடிப்புப் பகுதிப் பறவைக் கணக்கெடுப்பில், மரக்கிளையில் சிக்கியிருந்த கறுப்புக் குடையை நீர்க்காகம் என்று எழுதிவிட்டார். சிறகு உலர்த்துகிறது என்று குறிப்பு வேறு. "இன்னொரு தப்பு பண்ணா குழுவுலேர்ந்து உங்க பேரை எடுத்துடுவேன்" என்றார் பறவைச் சங்கச் செயலாளர். டாக்டர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பல்வலியோடு வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்து அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆகவே இந்த வருடம் சாம்பல் கானாங்கோழியைக் கண்டுபிடித்தே தீருவது என்று கிளம்பினார். இருபது வருடமாக யார் கண்ணிலும் படாத கூச்ச சுபாவி அது. அதன் குரலைப் போனில் ஒலிக்கவிட்டால், இருந்தால் பதில் கொடுக்கும். மனைவியையும் இழுத்துக்கொண்டு போய், முழங்கால் சேற்றில் நாணலுக்குள் உட்கார்ந்து, மூச்சை அடக்கிப் பொத்தானை அழுத்தினார்.

க்ரீக், க்ரீக்.

அக்கரையிலிருந்து வந்தது: க்ரீக், க்ரீக்!

"கேட்டியா? பதில் சொல்லுது!"

"கேட்டுச்சு. எறும்பு கடிக்குது, போலாமா?"

போவதாவது! இரண்டு மணி நேரம் இவர் கூப்பிட, அது பதில் சொல்ல, இவர் கண்ணில் நீர் வழிய ஒரே சல்லாபம்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எங்கிட்ட இவ்வளவு நேரம் பேசினதில்ல நீங்க" என்று எழுந்த அந்த அம்மாள், அந்தக் கோழியைத்தான் பார்த்துவிடுவோமே என்று பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போனார்.

அங்கே நாணலுக்குள் மண் நிறத் தொப்பி. பதினோரு பை. கையில் போன். சாட்சாத் செயலாளர்!

"உஸ்! சத்தம் போடாதீங்கம்மா. எதிர்க்கரையில சாம்பல் கானாங்கோழி இருக்கு. பொட்டை. என் குரல்ல அப்படியே மயங்கிடுச்சு."

'கோழி மாதிரி இருக்கும். ஆனா அது இல்ல' என்ற வார்த்தை அந்த அம்மாளின் நாக்கு நுனிவரை வந்தது. அந்த ஒரு வாரத்துச் சாப்பாட்டுத் தட்டு ஞாபகம் வந்து விழுங்கிக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரரும் இந்தப் பக்கம் ஒண்ணு கேட்டாருங்க. ஆண் குரலாம்."

செயலாளர் துள்ளிக் குதித்தார். அந்த வருட அறிக்கையில் 'ஒரு ஜோடி' என்று ஏறியது. டாக்டர் பெயரும் குழுவில் நிலைத்தது. "நல்ல ஜோடிதானே?" என்று இன்றும் அவர் கேட்பதுண்டு. "பத்துப் பொருத்தமும் இருக்கு" என்பார் மனைவி.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நேற்று நீங்கள் ஜன்னலோரம் நின்று, உதட்டைக் குவித்து, ஏதோ ஒரு குருவியைக் கூப்பிட்டீர்களே, எதிர்வீட்டு மாமரத்துக்குப் பின்னாலிருந்து உடனே பதில் வந்ததே? எதிர்வீட்டுக்காரரின் நோட்டை எதற்கும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். உங்களைப் பொட்டை என்று எழுதியிருக்கிறார்.