உங்கள் மகன் ஃபெராராவில் இறந்தது பற்றி

திரியெஸ்தே,
புதன்கிழமை.

என் மதிப்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய அத்தை ஒனோரினா அவர்களுக்கு, மருமகள் ஃபுல்வியா வணங்கி எழுதிக்கொள்வது.

இங்கு நானும் தங்கள் மகன் இவானோவும் நலம். அங்கு தாங்களும், மாமாவும், தங்கள் முழங்காலும், கோழிகளும், திராட்சைத் தோட்டமும் நலமாக இருக்க வேண்டுகிறேன். முட்டைக் கூடைக்கு அடியில் வைத்து இவானோவிடம் கொடுத்தனுப்பிய தங்கள் கடிதம் கிடைத்தது. ஒரு முட்டை உடைந்து கடிதத்தின் நடுப்பகுதி மஞ்சளாகிவிட்டது. ஆனாலும் "வெட்கம்", "ஊர் சிரிக்கிறது", "என் மகனைக் கொன்றவளே", "பெட்டியோடு வருவேன்" ஆகிய முக்கியமான இடங்களை நன்றாகவே படிக்க முடிந்தது.

தங்கள் உத்தரவை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணமான ஒருத்தி சனி, ஞாயிறு ஆனால் தனியாக ரயிலேறிப் போகிறாள் என்றால், ஒன்று அவளுக்கு வேறு ஆள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூளை குழம்பியிருக்க வேண்டும். வருகிற ஞாயிறு மதியம் கோர்மோன்ஸில் தங்கள் சாப்பாட்டு மேசையில் என் நாற்காலி காலியாக இருந்தால், மறுநாளே தாங்கள் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து, "திக்கற்ற என் பிள்ளைக்கு" இனி நிரந்தரமாகச் சமைத்துப் போடுவீர்கள். அத்தை, எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு அறை. ஒன்றில் நாங்கள் படுக்கிறோம். இன்னொன்றில் இவானோவின் சைக்கிள் படுக்கிறது. தாங்கள் வந்தால் சைக்கிள் எங்கள் அறைக்கு வந்துவிடும், நான் எங்கே போவேன் என்று தெரியவில்லை. அதனால் தயவுசெய்து பெட்டியைக் கட்டுவதற்கு முன்னால், நான் தனியாகப் போய் என்ன சுகத்தைக் கண்டேன் என்பதைக் கேளுங்கள். இதை வழக்கம்போலக் காபிக்குப் பிறகு மாமாவுக்கும் இவானோவுக்கும் உரக்கப் படித்தும் காட்டலாம்.

முதலில் ஃபெராரா. தனியாகப் போகிறேன் என்று சொல்லித்தான் கிளம்பினேன், ஆனால் இந்த நாட்டில் ஒருத்தியைத் தனியாக விட்டால்தானே! ரயில் நகரக்கூட இல்லை, எதிரே இருந்த அம்மாள் எழுந்து என் பக்கத்து ஜன்னலை மூடினாள். "கழுத்துல காத்துப் பட்டுச்சுன்னா நாளைக்குத் தலையைத் திருப்ப முடியாது, பாத்துக்க" என்று சொல்லித் தன் துண்டை எடுத்து என் கழுத்தில் கட்டிவிட்டு விசாரணையை ஆரம்பித்தாள்.

"தனியாவா போற?"

"ஆமாங்க."

"வீட்டுக்காரர் கூட சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லைங்க. அவருக்குச் சனிக்கிழமை சைக்கிள் இருக்கு."

"அடிப்பாரா?"

"துடைப்பாருங்க. சைக்கிளை."

அந்த அம்மாளுக்குத் திருப்தி இல்லை. அடிக்காத, குடிக்காத ஒருவனை விட்டுவிட்டு எவளாவது ரயிலேறுவாளா? நான் எதையோ மறைக்கிறேன் என்று முடிவு செய்து, மறைப்பதற்குத் தெம்பு வேண்டுமே என்று இரண்டு பன்றியிறைச்சி ரொட்டியும் ஒரு பீச் பழமும் தந்தாள். ஃபெராரா வருவதற்குள் என் கர்ப்பப்பை ஆபரேஷன் வரைக்கும் எல்லாம் அந்தப் பெட்டி முழுவதற்கும் தெரிந்துவிட்டது. இறங்கும்போது ஐந்து பேர் கையசைத்தார்கள்.

மறுநாள் ஞாயிறு. மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு சின்ன உணவகத்துக்குள் நுழைந்தேன், அங்கேதான் தங்கள் மகனுக்கு முடிவு வந்தது. வாசலில் நின்ற பரிமாறுபவர், வயதானவர், "எத்தனை பேருங்கம்மா?" என்றார். "ஒருத்திதான்" என்றேன். ஞாயிறு மதியம், மணி அடித்துப் பூசை முடிந்து, ஊரே குடும்பம் குடும்பமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஒருத்திதான் என்று சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் முகம் மாறிவிட்டது. குரலைத் தாழ்த்தி, "வாங்கம்மா, இந்தப் பக்கம் வாங்க" என்று முழங்கையைத் தாங்கி அழைத்துப் போனார். மேசையில் எதிர்ப்பக்கம் இருந்த கண்ணாடிக் குவளையையும் தட்டையும் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு, ஒரு பெருமூச்சும் விட்டார். பக்கத்தில் ஒரு பெரிய குடும்பம் ஞானஸ்நான விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் அந்தக் காலி இடத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அன்று கறுப்பு மேலாடை போட்டிருந்தேன், தாங்கள் கிறிஸ்துமஸுக்கு வாங்கித் தந்ததுதான், ஆக பழியில் தங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

இரிதே என்கிற அந்தக் குடும்பத்து அம்மாள் எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். "இந்தா தங்கச்சி, இன்னிக்கு நீ தனியா உக்காந்து சாப்பிடக் கூடாது. எங்க குழந்தைக்கே ஆகாது" என்று இழுத்துக்கொண்டு போய்த் தன் கணவர் குவால்தியேரோவுக்கும் பங்குச் சாமியாருக்கும் நடுவில் உட்கார வைத்தாள். என் தட்டில் பூசணி அடைத்த பாஸ்தாவை மலைபோல் குவித்தார்கள். நான் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாயில் இரிதே பாஸ்தாவை வைத்துவிட்டாள்.

"இதயமா?" என்றார் குவால்தியேரோ, மெதுவாக.

வாய் நிறைய இருந்ததால் இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப ஈரல்தான்," என்றார். "அவருக்கு எந்த ஊரு?"

நான் விழுங்கிவிட்டு, "கோர்மோன்ஸ்" என்றேன்.

"நான் சொன்னேன்ல! அங்கதான் திராட்சை ரசத்தைத் தண்ணி மாதிரி குடிப்பானுங்களே!"

அத்தை, இவ்வளவுதான் நடந்தது. தங்கள் மகனைக் கொன்றது குவால்தியேரோ, நான் பாஸ்தாவைத்தான் கொன்றேன். அதற்கு அப்புறம் உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் இரிதே அழுதுகொண்டிருந்தாள், இறைச்சி வேறு வந்துகொண்டிருந்தது. சாமியார் பெயரைக் கேட்டுக்கொண்டு எழுந்து இவானோவின் ஆன்ம சாந்திக்காக ஒரு ஜெபம் சொன்னார், எல்லோரும் அவர் பெயரைச் சொல்லிக் குவளையை உயர்த்தினார்கள், கல்யாணத்தன்றுகூட அவரைப் பற்றி யாரும் அவ்வளவு நல்லபடியாகப் பேசியதில்லை. நானே இரண்டு சொட்டு கண்ணீர் விட்டுவிட்டேன் என்றால் பாருங்களேன். கிளம்பும்போது என் விலாசத்தை வாங்கிக்கொண்டார்கள். கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை வந்தது அனுதாபத் தந்தி. கதவைத் திறந்தது இவானோ. கையெழுத்துப் போட்டு வாங்கிப் படித்துவிட்டு, சமையலறைக்கு வந்து நின்றார்.

"ஃபுல்வியா, நான் எதுல செத்தேன்?"

"ஈரல்ல."

"நான்தான் குடிக்கிறதே இல்லையே!"

"அதான் அவங்க எல்லாரும் அவ்வளவு அழுதாங்க."

"சாமியார் ஜெபம் பண்ணாரா?"

"நல்லா பண்ணாரு."

தந்தியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சரி, சாப்பாடு போடு" என்று உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அதில் பெரிய வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் அந்தத் தந்தியை எடுத்துக்கொண்டு வந்து தங்களிடம் காட்டினாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஃபெராராவில் இப்படி ஆனதால், நம் ஆட்களே இல்லாத இடத்துக்குப் போனால் என்ன என்று அடுத்த வாரம் எல்லை தாண்டி ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்துக்குப் போனேன். அங்கே நேர்மாறான கஷ்டம். யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒரு காபிக் கடையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், சாப்பிட்டாயா, எந்த ஊர், வீட்டுக்காரர் எங்கே, ஒரு வார்த்தை? பக்கத்து மேசையில் இருந்தவர் நான் வந்ததையும் பார்க்கவில்லை, போனதையும் பார்க்கவில்லை. தெருவில் ஒரு வண்டி கிடையாது, சிவப்பு விளக்கு எரிகிறது, நான் பாட்டுக்கு ரோட்டைக் கடந்துவிட்டேன், ஒரு கிழவர் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாரே ஒரு கத்து! அன்று முழுவதும் என்னோடு பேசிய ஒரே மனிதர் அவர்தான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் பாவம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கப்புச்சீனோ குடித்தேன். ஆமாம், பாலோடு, வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு, செரிக்கவே செரிக்காது என்று தாங்கள் தடுத்திருக்கும் அதையே. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, எனக்கும் வயிறு வலிக்கவில்லை, அதனால் இன்னொன்று வாங்கிக் குடித்தேன். இதெல்லாம் ஒரு வாழ்க்கையா, அத்தை? ஒரு முழு ஞாயிறு, யார் தட்டு காலியாக இருக்கிறது என்று பார்க்காமல், யாருக்கும் ரொட்டி நறுக்காமல், என் கை இரண்டும் சும்மா மடியில் கிடந்தன. எப்பேர்ப்பட்ட துன்பம் என்று தாங்களே நினைத்துப் பாருங்கள்.

ஆகவே என் சுற்றித் திரிதலுக்கு இத்துடன் முற்றுப்புள்ளி. வருகிற ஞாயிறு பதினொரு மணிக்கே வந்து, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, பதினோரு பேருக்கும் நானே பரிமாறுகிறேன். தாங்கள் பெட்டியைப் பரண்மேலேயே வைத்துவிடலாம். தங்கள் முழங்காலுக்கு எங்கள் மாடிப்படி ஆகவே ஆகாது.

மாமாவுக்கு என் வணக்கங்கள், கோழிகளுக்கு நன்றி, தங்கள் இரு கன்னங்களிலும் முத்தங்கள்.

தங்கள் சொல்லைத் தட்டாத,
ஃபுல்வியா

பின்குறிப்பு: இதைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன், மேசையில் படிக்காதீர்கள். மேலே இருப்பது ஆண்பிள்ளைகள் கேட்பதற்கு.

போன ஞாயிறு தாங்கள் பங்குக் கோயில் பேருந்தில் பதுவைப் புனித அந்தோனியாரைத் தரிசிக்கப் போவதால் சாப்பாடு கிடையாது என்று சொன்னீர்கள். நானும் அந்த நல்ல வாய்ப்பில் ஸ்லோவேனியாவுக்கு, பிளெட் ஏரிக்குப் போனேன். அந்தோனியார் தொலைந்ததைத் தேடித் தருபவர் என்பது தெரியும். தொலையாததையும் தேடித் தருவார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஏரிக்கரைக் கடையில் தாங்கள் தனியாக உட்கார்ந்து க்ரீம் கேக்கை முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று சாப்பிட்டீர்கள். சாப்பிட்டவுடன் தண்ணீரில் இறங்கினால் செத்துப்போவோம் என்று இத்தனை வருடம் எங்கள் எல்லோரையும் கடற்கரை மணலில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தவர், வாயைத் துடைத்த கையோடு நேராக ஏரிக்குள் இறங்கினீர்கள். மல்லாந்து மிதந்தீர்கள். முழங்காலை ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை. கூப்பிடலாம் என்று ஒரு மரத்துக்குப் பின்னாலிருந்து வாயெடுத்தேன். ஆனால் தங்கள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை, அத்தை. எனக்குப் பொறாமையாக இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

திரும்பி வந்தால் தங்கள் மிரட்டல் கடிதம்!

சனிக்கிழமை காலை ரயிலில் நான் முதல் பெட்டியில் இருப்பேன். தாங்கள் கோர்மோன்ஸில் கடைசிப் பெட்டியில் ஏறுங்கள். வழியில் எதிர்ப்பட்டால் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள வேண்டாம். தங்களுக்குத் தங்கள் தனி, எனக்கு என் தனி. ஞாயிறு மதியம் மற்ற ஒன்பது பேரும் வந்து உட்காரும்போது, சமையலறை எந்தப் பக்கம் என்று மாமாவும் இவானோவும் தேடிக்கொள்ளட்டும்.

ஏரியில் போட்டிருந்த அந்தச் சிவப்பு நீச்சலுடையையே போடுங்கள். தங்களுக்கு அவ்வளவு நன்றாக இருக்கிறது.