மைக்கில் என் பேர் மூன்று தடவை

இந்த வருஷம் மாதா கோயில் திருவிழாவில் என் பேர் மைக்கில் வர வேண்டும். அது ஆனந்தராஜ் காதில் விழ வேண்டும். இரண்டையும் பார்க்காமல் சாவதில்லை என்று தவக்காலத்தின் முதல் நாளே முடிவு செய்தேன். தவக்காலத்தில் ஊரே கறியை விட்டுவிடும். கோபத்தையும் விடச் சொல்வார் சாமியார். நான் கறியை மட்டும் விட்டேன்.

அந்தக் கோபத்துக்குப் பத்தொன்பது வயது. ஓசூரில் ஒரு கம்பெனியில் நான் டிரில்லிங் மிஷின் ஓட்டினேன். ஆனந்தராஜ் எனக்கு சூப்பர்வைசர். மிஷினிலிருந்து சூடான இரும்புத் தூள் காலில் கொட்டும். ஒரு நாள் உடைந்த பிளாஸ்டிக் டிரம்மை அறுத்துச் சரிவாகக் கட்டினேன். தூள் தானாகப் போய்த் தொட்டியில் விழுந்தது. அப்படி வேலையைச் சுலபமாக்கும் யோசனைக்குக் கம்பெனியில் கைசன் என்று பேர். அதற்கு ஒரு படிவம் உண்டு. குறை என்ன, காரணம் என்ன, செய்த மாற்றம் என்ன, சோதனையில் கண்டது என்ன என்று நாலு கட்டம். நான் எட்டாவது பாதியில் நின்றவன். என் கையெழுத்தை எறும்புகூடப் படிக்காது. அதனால் ஆனந்தராஜை எழுதச் சொன்னேன். நாலு கட்டத்தையும் அழகாக நிரப்பினான். கீழே பேர் எழுதும் இடத்தில் அவன் பேரை எழுதிக்கொண்டான்.

அவனுக்கு மிக்ஸி பரிசு. கேன்டீன் சுவரில் போட்டோ. நான் ஓய்வு பெறும் வரை அந்தப் போட்டோவுக்கு முதுகைக் காட்டியே சாப்பிட்டேன். ஓய்வு பெற்ற அன்று, வஞ்சம் தீர்க்க, ஸ்டோரிலிருந்து ஒரு கட்டு வெற்றுப் படிவத்தைத் தூக்கி வந்தேன். ஆயிரம் தாள் இருக்கும். வீட்டுக்காரி லூர்தம்மாள் அதை அலமாரியில் விரித்தாள். மீதியை எங்கேயோ வைத்தாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஆனந்தராஜும் இப்போது பேரிகைப் பக்கம் எங்கள் ஊருக்கே, எங்கள் மாதா கோயில் பங்கிலேயே வீடு கட்டி வந்துவிட்டான். வந்த மூன்றே வருஷத்தில், கோயில் காரியங்களைப் பார்க்கிற பங்குப் பேரவைக்குச் செயலாளர். திருவிழாவில் சாதனை செய்தவர்களுக்குப் பொன்னாடை போடுவார்கள். யார் யாருக்கு, எதற்காக என்று மைக்கில் படிப்பது அவன்தான். அந்த வாயிலிருந்து என் பேர் வர வேண்டும். அதற்குத்தான் காப்புரிமை. பேட்டன்ட் வாங்கிவிட்டால் யாரும் பேரை மாற்ற முடியாது. அரசாங்க முத்திரை.

மூன்று கண்டுபிடிப்பு கையில் இருந்தது. ரோஜா முள்ளைச் சீவ டயர் டியூப்பில் தைத்த கையுறை. இட்லி மாவு பொங்கினால் மணி அடிக்கிற தட்டு. கோயில் வாசலில் யாராவது தூக்கினால் விசில் அடிக்கிற செருப்பு. லூர்தம்மாளிடம் மூச்சு விடவில்லை. அவளிடம் சொன்னால் அன்பியக் கூட்டத்தில் சொல்லிவிடுவாள். அன்பியம் என்றால் தெருவுக்குத் தெரு வாரம் ஒரு வீட்டில் கூடுகிற ஜெபக் கூட்டம். அங்கே ஜெபம் கால் மணி நேரம், பேச்சு முக்கால் மணி நேரம். ஆனந்தராஜ் மனைவியும் வருவாள்.

யோசித்து வேலை செய்ய வீட்டில் நிம்மதியும் இல்லை. எல்லாப் பொருளும் எனக்கு எதிராகவே கெட்டுப்போயின. எனக்குச் சர்க்கரை வியாதி, டீயில் சர்க்கரை கிடையாது. ஆகவே அவள் பின்பக்கம் போகும்போது டப்பாவிலிருந்து ஒரு ஸ்பூன் எடுப்பேன். இரண்டாவது ஸ்பூனுக்கு டப்பா திறக்காது. கத்தியால் நெம்பினேன். கத்தி உடைந்தது. சாயங்காலம் அதே டப்பா சிரித்துக்கொண்டு திறக்கும். துரு என்று நினைத்தேன்.

மதியம் படுத்தால் கழுத்து தானாக இடது பக்கம் திரும்பியது. நரம்பு வியாதி என்று பயந்து தைலம் தேய்த்தேன்.

எல்லாவற்றையும் விட மோசம் மொபெட். மாதம் இரண்டு தடவை தக்காளி விலை கேட்கக் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் போவேன். விலை கேட்டுவிட்டு அங்கே மலிவாகக் கிடைக்கிற பிராந்தி பாக்கெட் இரண்டை சீட்டுக்குக் கீழே பெட்டியில் போட்டுக்கொண்டு வருவேன். கோயில் திருப்பம் வந்ததும் ஹாரன் தானாக அலறும். வீடு வரை நிற்காது. ஊரே எட்டிப் பார்க்கும். மெக்கானிக் எல்லப்பனிடம் மூன்று தடவை விட்டேன். ‘வயரிங் கோளாறுண்ணா, பாத்துட்டன்’ என்பான். ஒவ்வொரு தடவையும் சத்தம் கூடியது.

இதையெல்லாம் சகித்துக்கொண்டு, மூன்று கண்டுபிடிப்பையும் உரச்சாக்கில் போட்டு பஸ் ஏறி ஓசூர் போனேன். பேட்டன்ட்டுக்கு எழுதிக் கொடுக்கிற ஆபீஸ் ஒன்று பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் இருந்தது. யுவஸ்ரீ என்று ஒரு பெண். என் மகன் ஸ்டீவ் வயதுதான் இருக்கும். மரியாதையாக உட்கார வைத்தாள். கையுறையைப் பார்த்தாள். மணித் தட்டைப் பார்த்தாள். செருப்பைத் தூக்கினாள். அது விசில் அடித்தது. பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

பிறகு கம்ப்யூட்டரில் தேடினாள். கையுறை ஏற்கெனவே யாரோ செய்துவிட்டார்கள். மணித் தட்டும் அப்படியே. செருப்பை வெளிநாட்டில் ஒருவன் எனக்குப் பதினோரு வருஷம் முன்பே செய்திருந்தான். அங்கேயும் கோயில் வாசலில் செருப்பு தொலையும்போல.

என் முகத்தைப் பார்த்து அவளுக்கே கஷ்டமாகிவிட்டது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று எந்த ஊர் என்று கேட்டாள். சொன்னேன்.

“ஐயோ, அந்த ஊரா? உங்க ஊர்ல ஒரு அம்மா எங்க மூலமா மூணு பேட்டன்ட் வாங்கியிருக்காங்க சார். பொம்பளைங்க பேர்ல போட்டா சீக்கிரம் பாப்பாங்க, அதனால வேகமாவே வந்துச்சு. ஒண்ணு சமையல் பாத்திரம், ஒண்ணு படுக்கை, ஒண்ணு வண்டி. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மூணு துறை. ஒரே ஆளுக்கு எப்படித்தான் தோணுச்சோன்னு நாங்களே பேசிக்குவோம்.”

“யாரும்மா அது?”

“லூர்தம்மாள்.”

எங்கள் ஊரில் லூர்தம்மாள் நாலு பேர். மூன்று பேருக்குக் கையெழுத்தே தெரியாது. கதவு எண் கேட்டேன். அவள் சொன்ன எண்ணை நான்தான் என் கையால் பச்சை பெயின்டில் எழுதியிருந்தேன்.

நாற்காலி சுழலும் வகை. என்னைச் சுற்றிவிட்டது. யுவஸ்ரீ தண்ணீர் கொடுத்துவிட்டு, அந்த அம்மாவின் கணவர் சோதனைக்கு ரொம்பவும் உதவியாக இருந்தாராம், ஒன்றரை வருஷம் ஒரு நாள்கூடத் தவறாமல் ஒத்துழைத்தாராம், அது நீங்கள்தானா என்று கேட்டாள். நான்தான் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

வீட்டுக்கு வந்ததும் சாக்கைப் போட்டேன். செருப்பு விசில் அடித்தது. லூர்தம்மாள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“மூணு பேட்டன்ட் வாங்குனியாமே?”

“ஆமா. ரெண்டு வாட்டி சொல்ல வந்தன் ஸ்டீவப்பா. நீங்க ஆனந்தராஜத் திட்டினு இருந்தீங்க. நடுவுல பேசக்கூடாதுன்னு போய்ட்டன்.”

எழுந்து போய் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு கட்டு எடுத்து வந்தாள். நான் தூக்கி வந்த கைசன் படிவங்கள். நாலு கட்டமும் நிரம்பி, தேதி போட்டு, நூற்றுக்கணக்கில். அதிலேயே எழுதிப் பழகினாளாம். அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாளாம். இவ்வளவு ஒழுங்காக யாரும் எழுதி வந்ததில்லை என்று அந்தப் பெண் சொன்னாளாம்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தது. சர்க்கரை டப்பாவில் துரு கிடையாது. ஒரு ஸ்பூன் எடுத்தால் ஆறு மணி நேரம் பூட்டிக்கொள்ளும் மூடி. எனக்கு நரம்பு வியாதி கிடையாது. எங்கள் வீட்டில் அன்பிய ஜெபம் நடக்கும்போது பக்கத்து அறையில் என் குறட்டை ஜெபத்தை முழுங்குகிறதாம். குறட்டை கேட்டால் தலையணை ஒரு பக்கம் தாழ்ந்து தலையைத் திருப்பிவிடும். மொபெட் பெட்டிக்கு அடியில் ஒரு ஸ்பிரிங் தராசு. கிளம்பினபோது இருந்த எடையைவிடக் கால் கிலோ கூடியிருந்தால், வழியில் இருக்கிற ஒரே வேகத்தடையில், அதாவது கோயில் திருப்பத்தில், குலுங்கியதும் ஹாரன். மூன்றையும் செய்து கொடுத்தது எல்லப்பன்.

 எனக்கு ஒரே ஒரு கேள்விதான் வந்தது. “தக்காளி வாங்கினு வந்தாலும் எடை கூடுமில்ல?”

“தக்காளி வாங்குனா முன்னாடி கொக்கியில மாட்டுவீங்க. சீட்டுக்கு அடியில வச்சா அது தக்காளி இல்ல.”

“கட்டுன புருஷன எலி மாதிரி வச்சு சோதன பண்ணியிருக்கற.”

“டாக்டர் சொன்னாரு, ஸ்டீவ் சொன்னான், நான் சொன்னன். நீங்க கேக்கல. தகரம் சொன்னா கேக்கறீங்க.” காயைத் தட்டில் தள்ளினாள். “போன மாசம் சர்க்கர அளவு எறங்கியிருக்குதுன்னு டாக்டர் கை குடுத்தாரில்ல? யாருக்குக் குடுத்தாரு?”

எனக்குத்தான் கொடுத்தார். நானும் பெருமையாக வாங்கிக்கொண்டேன்.

அன்று முழுக்க யோசித்தேன். மூன்று துறைக்கும் சம்பந்தம் இல்லை என்கிறாள் அந்தப் பெண். சம்பந்தம் குத்துக்கல் மாதிரி இருக்கிறது. நான்தான். நான் இல்லாவிட்டால் அந்த மூன்றும் பிறந்தே இருக்காது. அப்படியானால் அதில் எனக்கும் பங்கு உண்டு. மறுபடி ஒரு ஆள் என் பேரை விட்டுவிட்டுப் பரிசு வாங்குவதை நான் அனுமதிப்பதா?

மறுநாள் காலையில் தீர்மானமாகச் சொன்னேன். திருவிழாவில் உனக்குப் பொன்னாடை போடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மைக்கில் படிக்கிற தாளில் என் பேர் இருக்க வேண்டும். ஒரு கண்டுபிடிப்புக்கு ஒரு தடவை. மொத்தம் மூன்று தடவை. ஒரு தடவை குறைந்தாலும் நான் கோயிலுக்கு வர மாட்டேன்.

சண்டை போடுவாள் என்று நினைத்தேன். உடனே சம்மதித்தாள். அங்கேயே ஒரு கைசன் படிவம் எடுத்து எழுதினாள். கையெழுத்துப் போடுங்கள், பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது என்றாள்.

என்னை இரண்டாவது தடவை ஏமாற்ற முடியாது. தாளை வெளிச்சத்தில் பிடித்து அற்புதராஜ் என்ற என் பேரைத் தேடினேன். ஒன்று. இரண்டு. மூன்று. முன்னால் திரு வேறு போட்டிருந்தாள். மற்றதைப் படிக்கக் கண்ணாடி வேண்டும். பேர் இருக்கும்போது மற்றது எதற்கு? கையெழுத்துப் போட்டேன்.

திருவிழா அன்று வெள்ளைச் சட்டை, புது வேட்டி. முதல் வரிசையில் உட்கார்ந்தேன். தேர் கிளம்புவதற்கு முன்னால் பொன்னாடை. ஊர் முழுக்க நின்றது. எல்லப்பன்கூடக் குளித்துவிட்டு வந்திருந்தான். லூர்தம்மாள் மேடை ஏறினாள். ஆனந்தராஜ் மைக்கைத் தட்டினான். தாளை விரித்தான். பத்தொன்பது வருஷமாக நான் காத்திருந்த அந்த வாய் திறந்தது.

“முதல் கண்டுபிடிப்பு, சர்க்கரை டப்பா. குறை: திரு. அற்புதராஜ், சர்க்கரை வியாதி இருந்தும் திருடித் தின்பது.”

பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பியது. நான் எழுந்திருக்கப் பார்த்தேன். புது வேட்டி நாற்காலியில் மாட்டிக்கொண்டது.

“இரண்டாவது, தலையணை. குறை: திரு. அற்புதராஜ், ஜெப நேரத்தில் குறட்டை விடுவது.”

சாமியார் அங்கியின் நுனியால் வாயை மூடிக்கொண்டார். பீடச் சிறுவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்தார்கள்.

“மூன்றாவது, மொபெட் பெட்டி. குறை: திரு. அற்புதராஜ், தக்காளி விலை கேட்கப் போவது.”

அதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. கோயில் திருப்பத்தில் குடியிருக்கிற அத்தனை வீடும் ஒன்றாகக் கை தட்டியது.

கூட்டம் கலைந்ததும் ஆனந்தராஜ் நேராக என்னிடம் வந்தான். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டான். கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

“அந்தக் கைசன் விஷயம் எனக்கும் உறுத்தினே இருந்துச்சு அற்புதம். அதனாலதான் இந்த வாட்டி உன் பேரை ஒரு இடத்துலயும் விடாமப் படிச்சன்.”