மாப்பிள்ளையின் டிரம் பிரேக்கைக் கழற்றிய வகையில்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமா எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் அக்கா, நீங்கள் அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போன மினி லாரி, மூவரும் சௌக்கியம். அங்கு நீங்கள், தங்கை, குழந்தைகள், உங்கள் உதிரிபாகக் கடை எல்லாம் குறைவின்றி இருக்கும் என்று நம்புகிறேன். எங்கள் மூவரில் முதல் இருவரைப் பற்றி எழுதப் புதிதாக ஒன்றும் இல்லை. ஆகவே நேராக மூன்றாமவரிடம் வருகிறேன்.

மழைக்காலத்தில் உங்கள் அக்கா நாற்றுகளை இறக்கிவிட்டுச் சரிவில் வரும்போது, வண்டி நிற்காமல் போய், மூலையில் வீடு கட்டுபவர்கள் கொட்டி வைத்திருந்த மணல் குவியலில் மூக்கை நுழைத்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். குவியல் இல்லையென்றால் அடுத்தது மதில். அவள் நடந்தே வீட்டுக்கு வந்தாள். முழுக்க நனைந்திருந்தாள், ஒரு காலில் செருப்பு இருந்தது, மறு காலில் இல்லை. "வண்டி நிக்கல. அவ்வளவுதான். இதைப் போய்ப் பெருசு பண்ணாதீங்க" என்றாள். நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தே காலம் தள்ளியவன். உள்ளே இருப்பதைப் படத்தில் காட்டுவது என் வேலை. எதனால் உடைந்தது, ஏன் வீங்கியது என்று சொல்வது டாக்டர் வேலை. சர்வீஸில் இருந்தவரை அந்தக் கோட்டை நான் தாண்டியதே இல்லை. ஓய்வு பெற்ற பிறகு, பக்கத்தில் டாக்டர் யாரும் இல்லாத தைரியத்தில், முதல்முறையாகத் தாண்டினேன். மழைத்தண்ணீர் பின்சக்கர பிரேக்கை மூடியிருக்கும் டிரம்முக்குள் புகுந்து உள்ளேயே தங்கிவிட்டது, அதனால் பிரேக் வழுக்கிவிட்டது என்று நானே காரணம் எழுதி நானே கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பயம், மாப்பிள்ளை. வேறு கௌரவமான வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினால், திரும்பி வரும் சத்தம் கேட்கும்வரை நான் செய்தித்தாளில் ஒரே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். உங்களுக்கு போன் செய்தபோது, "டிரம்ல ஒண்ணும் இல்ல மாமா, நானே லைனிங் மாத்திக் கொடுத்த வண்டி அது" என்று சத்தம் போட்டீர்கள். இருந்தாலும் டிரம்முக்குப் பதிலாகப் பின்சக்கரங்களில் மாட்ட டிஸ்க் தட்டு, ஹேண்ட் பிரேக்கோடு சேர்ந்த கேலிப்பர் எல்லாவற்றையும் ஒரு போல்ட் குறையாமல் பெட்டியில் போட்டு அனுப்பினீர்கள். கோபத்திலும் கணக்குப் பிசகாத மனிதர்.

வேலைக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு லேத்காரரைச் சேர்த்துக்கொண்டேன். பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு, என்னைப் போலவே பகலை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருப்பவர். எங்கள் வாசல் மேட்டிலும் உங்கள் அக்காவின் நர்சரி கொல்லைப் பள்ளத்திலும் இருப்பது உங்களுக்குத் தெரியும். நாற்று ஏற்ற வசதியாக வண்டி எப்போதும் கொல்லைப் பக்கம் முதுகைக் காட்டி நிற்கும். அவள் நிறுத்தும்போதெல்லாம் பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு கருங்கல்லை உதைத்துத் தள்ளிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பாள். ஹேண்ட் பிரேக் மேல் அவளுக்கு நம்பிக்கை உண்டு, கல்மேல் இன்னும் கொஞ்சம் அதிகம். நாங்கள் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, துருப்பிடித்து உட்கார்ந்திருந்த டிரம்மைச் சுற்றிச் சுற்றித் தட்டினோம். கடைசியில் அது கழன்று லேத்காரரின் மடியில் வந்து உட்கார்ந்தது. "பேரன்கூட இவ்வளவு பிரியமா வந்து உட்கார்ந்ததில்ல சார்" என்றார் அவர், எழுந்திருக்க முடியாமல்.

இனி வருவதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். கேலிப்பர் என்பது டிஸ்க் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் இடுக்கி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று, மாறக்கூடாது. இடம் வலம் பார்த்துக் குறி போடுவதில் என்னை மிஞ்ச இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. நோயாளி நம்மைப் பார்த்து நிற்பார். அவருடைய இடது கை நம் வலப்பக்கம் இருக்கும். படத்தில் அவருடைய இடதைத்தான் இடது என்று போட வேண்டும். இதில் தவறினால் நல்ல காலில் கட்டுப் போட்டு அனுப்பிவிடுவார்கள். ஆகவே வண்டிக்குப் பின்னால் நின்று, என் வலப்பக்கத்துச் சக்கரத்தில் 'இடது' என்றும், இடப்பக்கத்துச் சக்கரத்தில் 'வலது' என்றும் சீட்டு எழுதி ஒட்டினேன். லேத்காரர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "சார், வண்டி நம்மளப் பார்த்தா நிக்குது? அது அந்தப் பக்கம்ல பார்த்துட்டு நிக்குது?" என்றார். "நான் எத்தனை பேரை நிக்க வெச்சுப் படம் எடுத்திருக்கேன் தெரியுமா?" என்றேன். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் மாட்டிவிட்டார். ஹேண்ட் பிரேக் கேபிள் வந்து சேர வேண்டிய இடத்துக்கு வராமல் முறுக்கிக்கொண்டு நின்றது. அதற்கும் அவர் ஒரு தகட்டை வளைத்துக் கொடுத்து வழிக்குக் கொண்டுவந்தார்.

அடுத்தது குழாயில் இருக்கும் காற்றை எடுக்கும் வேலை. ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் கேலிப்பரில் இருக்கும் சின்ன மூக்கைத் திறந்து மூட வேண்டும். நான் மிதித்தேன், அவர் திறந்தார். அவர் மிதித்தார், நான் திறந்தேன். ஆயில் வந்தது, தரை குடித்தது, காற்று மட்டும் போகவில்லை. பெடல் பஞ்சுத் தலையணை மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அப்படியே சில நாட்கள் போயின. உங்கள் அக்கா வந்து வந்து பார்த்தாள். "திங்கக்கிழமை மேட்டுக் கட்டடத்துக்கு நாத்து ஏத்தணும். அதுக்குள்ள முடிச்சா முடிங்க. இல்லன்னா கல்லை மடியில வெச்சுக்கிட்டு ஓட்டிட்டுப் போறேன்" என்றாள். சொன்னால் செய்துவிடுவாள் என்பது கூடப் பிறந்த உங்களுக்குத் தெரியும், கூட வாழும் எனக்கும் தெரியும்.

அவளுக்கு நம்பிக்கை வரட்டும் என்று, கால் பிரேக் எப்படி இருந்தாலும் கை பிரேக்கையாவது காட்டிவிடலாம் என முடிவு செய்தேன். ஜாக்கியை இறக்கினோம். ஹேண்ட் பிரேக்கைக் கூரையைத் தொடும் அளவுக்கு இழுத்தேன். பிறகு அவள் பார்க்கும்படி சக்கரத்தடியில் இருந்த கருங்கல்லை நானே என் கையால் எடுத்தேன். வண்டி கொஞ்சம் யோசித்தது. பிறகு அவசரமே இல்லாமல், கல்யாண வீட்டுக்குள் நுழையும் சம்பந்தி மாதிரி, கொல்லைக்குள் இறங்கியது. லேத்காரர் முன் பம்பரைப் பிடித்துக்கொண்டு "நில்லு, நில்லும்மா" என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டே கூடவே ஓடினார். நான் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ரோஜாத் தொட்டி வரிசை ஒன்று, பெயர் தெரியாத செடி வரிசை ஒன்று, நிழல்வலைக் கம்பம் ஒன்று. எரு மேட்டில் போய்ச் சாய்ந்து வண்டி நின்றது. நான் கண்டதை மட்டும் எழுதுகிறேன். உங்கள் அக்கா சொன்னதை எழுதவில்லை.

சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு அவளே குனிந்து சக்கரத்துக்குள் பார்த்தாள். "காத்து போற மூக்கு இதுதானே? இது ஏன் தரையைப் பார்த்துட்டு இருக்கு? செடிக்குப் போற குழாயில காத்து அடைச்சா நான் மேட்டுப் பக்கம்தான் திறந்து விடுவேன். காத்து மேலதானே போகும்?" என்றாள். லேத்காரர் என்னைப் பார்த்தார். நான் என் சீட்டுகளைப் பார்த்தேன். வண்டி என்ற நோயாளி எனக்கு முதுகைக் காட்டி நின்றிருக்கிறார், மாப்பிள்ளை. இடத்தையும் வலத்தையும் மாற்றி மாட்டியதும் மூக்கு மேலே வந்தது, கேபிள் முறுக்கு இல்லாமல் நேராகச் சேர்ந்தது, காற்று போனது, பெடல் கல்லாக நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு வாசல் மேட்டில் நிறுத்தினோம். இம்மி நகரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது; பிரேக் ஆயில் பட்டிருக்கும் என்றார் லேத்காரர்.

ஆகவே, மாப்பிள்ளை, இடையில் நடந்தது எப்படியிருந்தாலும் முடிவு நல்ல முடிவு. உங்கள் அக்காவின் உயிருக்கு உலை வைக்கப் பார்த்த அந்த டிரம்கள் இரண்டையும் சாக்கில் கட்டி உங்களுக்கே அனுப்புகிறேன். நீங்களே திறந்து பாருங்கள். பார்த்துவிட்டு, 'தவறு டிரம்மில்தான், மாமா' என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்கள். அதற்கு மேல் எதுவும் கேட்கமாட்டேன்.

தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உங்கள் வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள். உங்கள் கடையிலிருந்து போகிற வண்டியெல்லாம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பி.கு.: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை உங்கள் அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். வண்டி கொல்லைக்குள் இறங்கிய இடத்தில் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கடிதத்தில் மணல் குவியலைப் பற்றி எழுதியிருந்த பக்கத்துக்குத் திருப்பி, எனக்குப் பயம் என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தாள். பிறகு, "டிரம்மும் இல்ல, தண்ணியும் இல்ல. செருப்பு. ஈரமா இருக்குன்னு ஒண்ணைக் கழட்டிப் போட்டேன். அது சறுக்கிப் போய் பெடலுக்கு அடியில மாட்டிக்கிச்சு. மிதிக்கிறேன், இறங்கவே மாட்டேங்குது" என்றாள். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா அந்தச் செருப்பைப் பத்தி ஒரு வருஷம் பேசியிருப்பீங்க. அப்புறம் சொல்லலாம்னு பார்த்தா, நீங்க ஸ்பானரும் கையுமா விசில் அடிச்சுட்டுப் போறீங்க. ரிட்டயர் ஆனதுக்கப்புறம் நீங்க விசில் அடிச்சு நான் கேட்டதே இல்ல" என்றாள். ஆகவே நீங்கள் அந்த ஒரு வரி எழுத வேண்டாம். அதை நான் எழுதுகிறேன்: டிரம்மில் தவறில்லை, மாப்பிள்ளை. டிரம்களும் வரமாட்டா. நசுங்கிய தொட்டிகளுக்குப் பதிலாக அவற்றில் ரோஜாவை நட்டுவிட்டாள். நடுவில் பெரிய ஓட்டை இருப்பதால் உள்ளே தண்ணீர் தங்கவே தங்காதாம். திங்கட்கிழமை நானும் கூடப் போகிறேன். அவள் வெறுங்காலோடு ஓட்டுவாள். செருப்புகளை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என் பொறுப்பு. இடது எது, வலது எது என்று இரண்டிலும் எழுதி ஒட்டிவிட்டேன். அவள் ஒருமுறை பார்த்து மாற்றி ஒட்டினாள்.