விரியாத மூட்டை

"உங்க ஆப் திறக்கறதுக்குள்ள நானே துவைச்சுக் காயப்போட்டு மடிச்சும் வெச்சுட்டேன்!"

வாடிக்கையாளர் அனுப்பியதைப் புகார் பிரிவு அக்கா சத்தமாகப் படிக்க, மேனேஜருக்கு முகம் சிவந்தது. வீடு தேடி வந்து துணி எடுத்துப்போய் வெளுத்துத் தரும் கம்பெனி அது. செயலி மட்டும் ஆமை வேகம்.

"சாயங்காலத்துக்குள்ள இன்னொரு புகார் வந்துச்சுன்னா, நீ வீட்டுக்குப் போயிடலாம். திரும்பி வர வேணாம்," என்றார், செயலி எழுதுபவனிடம். எதிலும் நிதானம் கிடையாது என்பதால் ஆபீஸில் அவனுக்கு 'அவசரம்' என்றே பெயர்.

வேலை போனால் மாமனார் கடைதான் கதி. அந்த மனுஷனின் வாயை நினைத்ததும் அவசரம் கீபோர்டை இழுத்துக்கொண்டான்.

கோளாறு என்னவென்று தெரியும். கம்பெனியின் மையக் கணினியான சர்வர், துணிப் பட்டியலை அப்படியே செயலிக்கு அள்ளி அனுப்புகிறது. சுருக்கி, மூட்டை கட்டி அனுப்பினால் சட்டென்று வந்துவிடும். சர்வரில் அந்த வசதியைப் போட்டான். அதோடு விட்டிருந்தால் மூட்டையைச் செயலியே சத்தமில்லாமல் பிரித்திருக்கும். இவன் சும்மா இருப்பானா? 'சுருக்கியே அனுப்பு' என்று செயலியிலும் தன் கையால் ஒரு வரி எழுதினான். கேட்டவனே பிரித்துக்கொள்ளட்டும் என்று செயலி ஒதுங்கிக்கொண்டது.

சட்டை, போர்வை என்று வரவேண்டிய இடமெல்லாம் கிறுக்கல்.

"இது எந்த ஊர் பாஷைடா?"

"ரெண்டே நிமிஷம் சார்!"

பிரிக்கும் வேலையையும் தானே எழுதினான். பெரிய பட்டியல் அழகாக விரிந்தது. ஆனால் சின்னத் தகவல்களைச் சர்வர் சுருக்காமலே அனுப்பும். 'உங்கள் துணி தயார்' என்று ஒற்றை வரி வந்தது. கட்டாத மூட்டையைப் பிரிக்கப் போய்ச் செயலி பொத்தென்று விழுந்தது.

"என்னடா, படுத்துடுச்சு?"

"இதோ எழுப்பிடறேன் சார்!"

தான் எழுதியதை அழித்திருந்தால் போதும். அழிப்பதா? மானம் என்ன ஆவது! சின்னதோ பெரியதோ எல்லாவற்றையும் சுருக்கு என்று சர்வரில் இன்னொரு வரி சேர்த்தான். ஏற்கெனவே சுருங்கியது மறுபடியும் சுருங்கியது. செயலி ஒரு மூட்டையைப் பிரித்து, உள்ளே இன்னொரு மூட்டையைக் கண்டு, மலைத்துப்போய் மூடிக்கொண்டது. அதன்பின் எவர் போனிலும் திறக்கவில்லை.

சாயங்காலம் மேனேஜர் வருவதைப் பார்த்ததும், அவசரம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான். மாமனாரின் சிரிப்பு இப்போதே காதில் கேட்டது.

"எங்கடா கிளம்பிட்ட? மத்தியானத்துலேருந்து ஒரு புகார்கூட இல்ல! முதலாளிகிட்ட சொல்லிட்டேன். நாளைலேருந்து நீதான் டீம் லீடர்!"

"சார், உண்மையில அந்த ஆப்..."

அக்கா அவன் காலை நறுக்கென்று மிதித்தாள். மேனேஜர் கதவைத் தாண்டும்வரை பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"உளறாதே தம்பி. புகார் பொத்தானும் அந்த ஆப்புக்குள்ளதானே இருக்கு? போன வருஷம் அவர் மேனேஜர் ஆனதும் இப்படித்தான்!"